வேடுபறி வழக்கில் மூன்றாம் எதிரி

இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேடி ஏமாற வேண்டாம். போலீஸ்காரர் நல்லவர். வக்கீல் நல்லவர். ஜட்ஜுகள் இருவரும் சந்தியாவந்தனம் தவறாத உத்தமர்கள். இத்தனை நல்லவர்கள் கூடி முயன்றதால்தான் பாலக்கரை இன்னாசிராஜுக்கு நாலு வருஷம் கடுங்காவல் கிடைத்தது.

இன்னாசிராஜ் பாண்டு கோஷ்டியில் கிளாரினெட் வாசிக்கிறவன். மாதா கோயில் சப்பரம், கல்யாண ஊர்வலம், சவ ஊர்வலம், எதற்குக் கூப்பிட்டாலும் போவான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே பாட்டுத்தான், வேகத்தை மட்டும் மாற்றிக்கொள்வான் என்று கூட வாசிப்பவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கறுப்புக் கிளாரினெட்டையும், அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்த அவன் மனைவி அமலராணியையும் தவிர அவனுக்கு வேறு சொத்து கிடையாது.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஒரு சின்னப் பெருமாள் கோயில் உண்டு. பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் வழி தவறினால்தான் அங்கே போவார்கள். அந்தக் கோயிலுக்கு ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் அந்தப் பக்கம் வழிப்பறி செய்துகொண்டிருந்த ஒருவன், கல்யாணக் கோலத்தில் வந்த பெருமாளையே ஈட்டியைக் காட்டி மடக்கி நகைகளைப் பறித்தானாம். பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் காதில் ஒரு மந்திரத்தைச் சொன்னார். கள்ளன் அந்த நிமிஷமே பக்தனாகிவிட்டான். ஈட்டிதாசர் என்று அவருக்கு அங்கே தனிச் சன்னிதியே இருக்கிறது.

வருஷா வருஷம் மார்கழியில் ஒரு சாயங்காலம் கோயில் முன்னால் மணல்வெளியில் இதை நடத்திக் காட்டுவார்கள். வேடுபறி என்று பெயர். பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளுவார். ஈட்டிதாசரின் விக்கிரகத்தைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓடி வந்து மறிப்பார்கள். விக்கிரகத்தால் ஈட்டி பிடித்து ஓட முடியாதல்லவா, அதனால் மடப்பள்ளியில் சமைக்கிற சௌரிராஜன் தாசரின் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி, பெருமாளின் பதக்கத்தைக் கழற்றி மூட்டை கட்டுவார். அர்ச்சகர் "கள்ளன்! கள்ளன்!" என்று கூவுவார். வாத்தியம் முழங்கும். ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள். கடைசியில் அர்ச்சகர் தாசர் காதில் மந்திரம் ஓதுவார். மூட்டை பெருமாளிடம் திரும்பிவிடும். எல்லாருக்கும் புளியோதரை கிடைக்கும்.

முப்பத்தாறாம் வருஷம் நாகஸ்வரக்காரருக்குப் பெரிய கோயிலில் வேலை வந்துவிட்டது. யாரோ யோசனை சொல்ல, பாலக்கரையிலிருந்து இன்னாசிராஜை அழைத்து வந்தார்கள். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்பதால் மணல்வெளிக்குள் விடவில்லை. தெருவில் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவனும் நின்று, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற அதே பாட்டை முன் எப்போதும் இல்லாத வேகத்தில் வாசித்தான். கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கூட்டத்தில் புதிதாக மாற்றலாகி வந்த சப் இன்ஸ்பெக்டர் சாரங்கபாணியும் இருந்தார். பளிச்சென்று நாமம், முழு யூனிபாரம். மந்திரம் ஓதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். புளியோதரையை இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து சௌரிராஜனையும் இன்னாசிராஜையும் கைது செய்தார். பல்லக்குத் தூக்கிய நாலு பேரை ஏன் விட்டார் என்றால், அவர்கள் கையில் ஆயுதம் இல்லை.

"ஸ்வாமி, இது உத்ஸவம்னா! தேவரீருக்குத் தெரியாதா?" என்று சௌரிராஜன் பதறினார்.

"பேஷாத் தெரியும். எங்க தோப்பனார் இதே மாதிரி வேடுபறியில தீவட்டி பிடிச்சவர். ஆனா அது சாரங்கபாணிக்குத் தெரியும். சப் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் ஈட்டி, நகை, 'கள்ளன்'னு ஒரு கூச்சல். இவ்வளவும் கண்ணெதிரே நடந்தப்புறம் சும்மா போனா என் சட்டையைக் கழட்டிடுவா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வருஷம் சரகத்தில் நடந்த எந்தக் கொள்ளையிலும் ஒரு கொள்ளைக்காரன்கூட அகப்படவில்லை என்று மேலிடத்திலிருந்து சூடாக ஒரு காகிதம் வந்திருந்தது. மற்ற கொள்ளைக்காரர்கள் எங்கே, எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இவர்கள் பஞ்சாங்கத்தில் போட்ட நாளில், சொன்ன நேரத்தில், நோட்டீஸ் ஒட்டிவிட்டு வருகிறார்கள். ஒரு போலீஸ்காரர் இதைவிட என்ன கேட்பார்?

மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தியபோது இன்னாசிராஜ் பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டான். அந்தப் பக்கத்தில் யாரும் வேடுபறி என்று நீட்டிச் சொல்வதில்லை. 'இன்னிக்குச் சின்னக் கோயில்ல கொள்ளை, வரியா?' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கொள்ளை நடந்ததா?" என்று கேட்டார் மாஜிஸ்டிரேட்.

"நடந்துச்சுங்க. நல்லா நடந்துச்சுங்க."

"உங்கள் தலைவன் யார்?"

"ஈட்டிதாசருங்க."

"இதற்கு முன்னால் எப்போதாவது கொள்ளை அடித்தது உண்டா?"

"வருஷா வருஷம் அடிக்கிறாங்க எஜமான். நான்தாங்க மொதத் தடவை."

இதையெல்லாம் எழுதிப் படித்துக் காட்டினார்கள். சரி என்று கைநாட்டுப் போட்டான். வழக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் சம்பிரதாயம்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் ஈட்டிதாசர் முதல் எதிரி, சௌரிராஜன் இரண்டாம் எதிரி, இன்னாசிராஜ் மூன்றாம் எதிரி. தாசர் பேருக்கு வாரண்டு பிறந்தது. கொண்டுபோன கான்ஸ்டபிள் சன்னிதியில் விழுந்து சேவித்து, தீர்த்தம் வாங்கிக்கொண்டு, 'ஆசாமி அகப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். முதல் எதிரி தலைமறைவு என்று கோர்ட்டில் பதிவாயிற்று. நகையைப் பறிகொடுத்தவர் பெருமாள் என்பதால் அவருக்குச் சாட்சி சம்மன் போயிற்று. 'நேரில் கண்டேன். வாங்க மறுக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை' என்று எழுதிக் கோர்ட்டு அமீனா திருப்பிவிட்டார். பதக்கம் அன்று மாலையே பெருமாள் மார்புக்குத் திரும்பிவிட்டதே என்று யாரோ கேட்டதற்கு, திருடின பொருளைத் திருப்பிக் கொடுப்பது திருடியதற்கு நல்ல அத்தாட்சி என்று சர்க்கார் வக்கீல் பதில் சொன்னார்.

ஜூரி வைத்து விசாரணை நடந்தபோது கிளாரினெட் ஜட்ஜின் மேஜைமேல் அரக்கு முத்திரையோடு படுத்திருந்தது. சாரங்கபாணி சத்தியமாகத் தாம் பார்த்ததைத்தான் சொன்னார். கறுப்பு நிறம், முழ நீளத்துக்கு மேல், குழாய் வடிவம், வாயருகே வைத்தால் பெருஞ்சத்தம் எழுப்பியது, அந்தச் சத்தத்தில் ஜனங்கள் ஓடினார்கள். துப்பாக்கி நிபுணர் ஒருவர் அதைப் பரிசோதித்து, இதுவரை வெடித்ததாகத் தெரியவில்லை, இனியும் வெடிக்காது என்று தம்மால் உறுதி கூற முடியாது என்று எழுதியிருந்தார்.

"எஜமான், ஒரு தடவை வாசிச்சுக் காட்டட்டுங்களா? கேட்டா தெரிஞ்சுடுங்க," என்று கூண்டிலிருந்து கெஞ்சினான் இன்னாசிராஜ்.

"கோர்ட்டுக்குள் ஆயுதப் பிரயோகம் கூடாது," என்றார் ஜட்ஜ்.

ஜூரியில் ஒருவர் அந்த வேடுபறியில் பெருமாளுக்குக் குடை பிடித்தவர். அவர் எழுந்து, நான் அங்கேதான் இருந்தேன், கொள்ளையும் இல்லை ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தார். ஜட்ஜ் மிகவும் பொறுமையாக, கோர்ட்டுக்கு வெளியே பார்த்ததையெல்லாம் ஜூரர்கள் மறந்துவிட வேண்டும் என்று விளக்கினார். அவர் நல்ல மனிதர், மறந்துவிட்டார். குற்றவாளிகள் என்று ஜூரி ஒருமனதாகச் சொன்னது. ஆளுக்கு நாலு வருஷம்.

அமலராணிக்கு அப்போது நிறை மாதம். தீர்ப்பைக் கேட்டு அவள் அழவில்லை. அப்பீல் என்று ஒன்று இருக்கிறது, அங்கே பெரியவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் புரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். புரட்டாசியில் அப்பீல் விசாரணைக்கு வந்தபோது பிள்ளை பிறந்து நாலு மாதமாகியிருந்தது. ஆண் பிள்ளை. கைதியிடம் எதையும் கொடுக்கக் கூடாது என்பது ஜெயில் விதியாம். பிள்ளை 'எதையும்' என்பதில் சேர்த்தியா என்று கேட்டாள். எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை என்றார்கள். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து தூக்கிக் காட்டிவிட்டு வந்தாள்.

அப்பீல் கோர்ட்டும் திருச்சியிலேயே, வராந்தாவின் அடுத்த கோடியில் இருந்தது. அங்கே நடந்ததை இன்னாசிராஜ் முழுவதும் கேட்டான், ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தாய்மொழி தமிழ். அதனால் விசாரணை இங்கிலீஷில் நடந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே வக்கீலைக் கோயில் தர்மகர்த்தா அமர்த்திக் கொடுத்திருந்தார். வீரராகவன் என்று பெயர். கெட்டிக்காரர். எழுந்து நின்று அங்கியை உதறிக்கொண்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர்கள் கொள்ளையே அடிக்கவில்லை. அது..." என்று தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் அப்பீல் ஜட்ஜ். "இது ஜூரி வைத்து நடந்த வழக்கு. ஜூரி சொன்னதன் பேரில் வரும் அப்பீலில் சட்டத்தை மட்டுமே கேட்கலாம். கொள்ளை நடந்ததா, இல்லையா என்பது உண்மை சம்பந்தப்பட்ட விஷயம். உண்மைக்கு இந்தக் கோர்ட்டில் இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல."

வீரராகவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு ஜட்ஜ் நாற்காலியில் சாய்ந்து, மனம்விட்டுப் பேசினார்.

"நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன். தகப்பனார் தோளில் உட்கார்ந்து இந்த வேடுபறியைப் பார்த்தவன். அந்தக் கூண்டில் நிற்கிற சௌரிராஜன் கைப் புளியோதரை இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஒரு நீதிபதி தமக்குத் தெரிந்ததையெல்லாம் தெரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டால், பிறகு சாட்சிகள் எதற்கு? வக்கீல்கள் எதற்கு? நான்தான் எதற்கு?"

கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கோர்ட்டில் ஒழுங்கு என்று ஒன்று உண்டு.

"என்ன சாமி சொல்றாங்க?" என்று இன்னாசிராஜ் சௌரிராஜனிடம் கிசுகிசுத்தான்.

"அடியேனுக்கும் தெரியலைப்பா. பெருமாள் பேர் அடிபடறது. நல்லதாத்தான் இருக்கும்."

வீரராகவன் சளைக்கவில்லை. உண்மையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தார். ஆயுதம் தாங்கிய கொள்ளை என்றால் கொள்ளைக்காரன் ஆயுதம் தாங்கியிருக்க வேண்டும். ஈட்டி யாருடையது? கோயிலுடையது. கோயில் சொத்து யாருடையது? பெருமாளுடையது. ஆகவே சம்பவ இடத்தில் ஆயுதம் வைத்திருந்தவர் பெருமாளே தவிர இரண்டாம் எதிரி அல்ல. தவிரவும் சௌரிராஜன் காலணா வாங்காமல் கைங்கரியமாக ஓடியவர். ஆதாயம் கருதாதவன் கொள்ளைக்காரன் ஆக மாட்டான். இப்படி அவர் அடுக்க அடுக்க ஜட்ஜின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. உண்மை கலக்காத சுத்தமான சட்டத்தைக் கேட்டு அவருக்கு எத்தனை நாளாயிற்றோ!

"பிரமாதம், வீரராகவன்," என்றார். "அப்படியானால் அந்தக் கிளாரினெட் யாருடையது?"

வீரராகவன் நேர்மையான மனிதர். "மூன்றாம் எதிரியின் சொந்தச் சொத்து," என்றார்.

"அவர் ஆதாயம் கருதி வந்தாரா?"

"கூலி பேசித்தான் வந்தார்."

"ஆக, உங்கள் வாதத்தின்படியே..."

"என் வாதத்தின்படியே," என்று வீரராகவன் தலை வணங்கினார். தம் வாதம் இவ்வளவு தூரம் போகும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை என்பது அவர் குரலில் தெரிந்தது. பெருமையாகத்தான் தெரிந்தது.

இன்னாசிராஜ் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்தான். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். "உன் குழலைப் பத்தித்தான் பேசறாங்க. ரொம்ப நேரமாப் பேசறாங்க," என்றார் அவர். குழலைப் பற்றிப் பெரியவர்கள் பேசுகிறார்கள் என்றதும் இன்னாசிராஜுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தலையை வாரிக்கொண்டான்.

தீர்ப்பு சாயங்காலம் வாசிக்கப்பட்டது. இரண்டாம் எதிரிக்கு விடுதலை. மூன்றாம் எதிரியின் தண்டனை ஊர்ஜிதம். அவன் மணல்வெளிக்கு வெளியே தெருவில் நின்றது கூட்டாளிகளுக்குக் காவல் பார்ப்பதற்கே என்று கீழ்க்கோர்ட்டு சொன்னதில் சட்டப்பிழை எதுவும் இல்லை. உள்ளே விடாததால்தான் வெளியே நின்றான் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அது உண்மைதான், சட்டம் அல்ல.

வெளியே வராந்தாவில் வீரராகவன் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தபடி அமலராணியிடம் சொன்னார்: "கவலைப்படாதேம்மா. பாதி ஜெயிச்சாச்சு. இந்த ஜட்ஜுகிட்டப் பாதி ஜெயிச்ச வக்கீல் இந்த ஜில்லாவிலேயே கிடையாது."

"எந்தப் பாதிங்க?" என்று கேட்டாள் அமலராணி.

அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் இன்னாசிராஜை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சௌரிராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே அப்பீல் ஜட்ஜ் பங்களா வாசலில் போய் நின்று, அடியேனுக்கு இந்த விடுதலை வேண்டாம், அந்தப் பிள்ளையாண்டானை விட்டுட்டு அடியேனை உள்ளே போடுங்கோ என்று அழுதார். ஜட்ஜ் அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்ய விடுதலையானவருக்கு உரிமை இல்லை என்று அன்போடு விளக்கி அனுப்பினார்.

மறுபடியும் மார்கழி வந்தது. கிளாரினெட்டுக்காரன் இல்லாமல் ஈட்டியைத் தொட மாட்டேன் என்று சௌரிராஜன் சொல்லிவிட்டார். தர்மகர்த்தா மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். வேடுபறி நின்றுபோனால் ஊருக்கு ஆகாது என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். விஷயம் ஜட்ஜ் காதுக்குப் போனதும் அவர் துடித்துப்போனார். "தெய்வ காரியம் நிக்கலாமா?" என்று சொல்லி, மேலே எழுதி, கீழே எழுதி, கைதி இன்னாசிராஜைத் தகுந்த காவலோடு ஒரே ஒரு சாயங்காலத்துக்குக் கோயிலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். கிளாரினெட்டையும் முத்திரை உடைத்துக் கொடுக்க உத்தரவு வந்தது. நாலு வருஷத்துக்கு விட முடியாதவனை ஒரு சாயங்காலத்துக்கு விட முடியுமா என்று கேட்காதீர்கள். முடிந்தது.

அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. இன்னாசிராஜ் போன தடவை நின்ற அதே தெரு ஓரத்தில் நின்றான். இந்தத் தடவை காலில் சங்கிலி இருந்தது. பக்கத்தில் பந்தோபஸ்துக்குச் சாரங்கபாணி. ஒரு வருஷமாக ஊதாத குழல் முதலில் கரகரத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. சௌரிராஜன் ஈட்டியோடு ஓடினார். பதக்கத்தைக் கழற்றினார். அர்ச்சகர் "கள்ளன்! கள்ளன்!" என்று கூவினார். சாரங்கபாணி கைகூப்பிக்கொண்டு நின்றார். இந்தக் கொள்ளைக்குப் போன வருஷமே கைது செய்தாயிற்று என்று வைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அர்ச்சகர் தாசர் விக்கிரகத்தின் காதருகே குனிந்தார். வாத்தியம் நின்றது. முன்வரிசையில் நின்ற அப்பீல் ஜட்ஜ் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற வீரராகவனிடம் தழுதழுத்தார்.

"என்ன காருண்யம், ஓய்! கையும் களவுமாப் பிடிபட்டவனை, சாட்சியும் கேக்கலை, வாதமும் கேக்கலை, மன்னிச்சுட்டாரே! இதையெல்லாம் நம்மால பண்ண முடியுமா?"

அமலராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் பிள்ளை. கோர்ட்டில் பார்த்த ஜட்ஜை நாமத்தோடும் பட்டுக் கரை வேஷ்டியோடும் அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஐயா, நகையைப் பறிகொடுத்த சாமியே மன்னிச்சிட்டாருங்களே. இப்பவாவது எங்க வீட்டுக்காரரை விட்டுடலாங்களா?"

ஜட்ஜுக்கு உண்மையாகவே மனம் இளகியிருந்தது. அவள் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். யாருக்கும் புரிகிற சுத்தமான தமிழில், முதல் தடவையாக, அவளுக்குச் சட்டத்தை விளக்கினார்.

"அந்த மன்னிப்பு முதல் எதிரிக்கும்மா. உன் புருஷன் மூணாவது."

புளியோதரை கொடுக்க ஆரம்பித்தார்கள். ஜனங்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். தெரு ஓரம் காலியாயிற்று. அமலராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னாசிராஜிடம் வந்தாள். நடுவில் கம்பி இல்லாமல் மகனை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிள்ளை சங்கிலியைப் பார்த்துச் சிரித்தது.

"ஐயா, ஒரு தடவை தூக்கிக்கிறேங்க," என்று சாரங்கபாணியிடம் கேட்டான்.

"தாராளமாத் தூக்கிக்கோ. உன் பிள்ளைதானே," என்றார் சாரங்கபாணி. "ஆனா கையில ஆயுதத்தோட குழந்தையைத் தரப்படாது. அதை முதல்ல குடு. முத்திரை வெச்சுடறேன். வெச்சதும் தூக்கிக்கோ."

இன்னாசிராஜ் அவசர அவசரமாகக் கிளாரினெட்டைக் கொடுத்தான். சாரங்கபாணி அதைத் துணியில் சுற்றினார், நூலால் கட்டினார், தீவட்டியில் அரக்கைக் காட்டி உருக்கிச் சொட்டவிட்டார். முத்திரை கோணலாக விழுந்துவிட்டது. கோணல் முத்திரையைக் கோர்ட்டு ஏற்காது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி உருக்கினார். அவர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. இன்னாசிராஜ் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றான்.

அரக்கு காய்வதற்குள் ஜெயில் வண்டி வந்துவிட்டது.